பழைய புல்லட்டுக்கு வயரிங்: ஒட்டுப் போடுவதா, ரெடிமேட் செட் வாங்குவதா, நாமே கட்டுவதா?

ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். பிரேக் மிதித்தால் இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு மறுபடி ஓடும். என்னிடம் இருக்கும் 1976 புல்லட் 350 பல வருடம் இப்படித்தான் ஓடியது. "ஆறு வோல்ட் வண்டின்னா அப்படித்தான் தம்பி" என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஒருநாள் ராத்திரி அச்சிறுபாக்கம் தாண்டியதும் ஹெட்லைட், இன்ஜின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. பின்னால் லாரி. எப்படியோ ஓரங்கட்டி, செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு டேங்குக்குக் கீழே கைவிட்டுத் தடவினேன். தொட்ட இடத்தில் வயரின் தோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சரி, வயர்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அரைமணி நேரத்துக்குப் பிறகு ஹெட்லைட் ரிம்மைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஆம்ப் மீட்டரின் (கரன்ட் ஓட்டத்தைக் காட்டும் முள் மீட்டர்) முதுகில் இருந்த ஒரு நட் கழன்று, வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் பேட்டரியிலிருந்து வரும் கரன்ட் ஆம்ப் மீட்டர் வழியாகத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் போகிறது. அந்த ஒரு நட் போனால் வண்டியே போச்சு. விரலால் முறுக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

முந்தின மாதமே புது வயரிங் போட்டிருந்தாலும் அந்த நட் அதே இடத்தில் கழன்றிருக்கும். வயரிங்கை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வயர், சுவிட்ச், டெர்மினல் (வயரின் முனை இணைப்பு), எர்த் (கரன்ட் வண்டியின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை) நான்கும் தனித்தனி நோயாளிகள். புது வயர் வாங்கினால் குணமாவது அதில் ஒன்றுதான்.

என் முன்னால் இருந்த வழிகள் நான்கு: கெட்ட இடத்தை மட்டும் ஒட்டுவது, கடையில் ரெடிமேட் வயரிங் செட் வாங்கிப் போடுவது, புதிதாக நாமே கட்டுவது, இதே சாக்கில் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது. எதை எடுத்தாலும் எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: அடுத்தமுறை ராத்திரியில் நடுரோட்டில் நின்றால் பழுதை யார் கண்டுபிடிப்பது, எவ்வளவு நேரத்தில்?

முதலில் மல்டிமீட்டர்

முடிவு எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான மல்டிமீட்டரே போதும்.

ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் பாசிடிவிலும் இன்னொரு முனையை பல்புக்கு கரன்ட் வரும் டெர்மினலிலும் தொடுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்ட். அடுத்து ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மற்றதை பல்பின் உடம்பிலும் வையுங்கள். இது எர்த் பக்கத்தில் தொலைவது. (வண்டியின் சேஸிஸோடு எந்த முனை சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிடிவ்தான் எர்த். தெரியாமல் பேட்டரியை மாற்றி மாட்டினால், ஏசி கரன்ட்டை டிசியாக்கும் ரெக்டிஃபயர் போய்விடும்.)

என் வண்டியில் பேட்டரியில் 6.2 வோல்ட் இருந்தது. போகும் பக்கம் 0.7, எர்த் பக்கம் 0.5. ஆக பல்புக்குக் கிடைத்தது 5 வோல்ட். கேட்க ஏதோ ஒன்றே கால் வோல்ட் மாதிரி சின்னதாகத் தெரியும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேராகக் குறைவதில்லை, தடாலென்று விழும். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். என் கணக்குக்கு ஹெட்லைட் பாதி வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. "ஆறு வோல்ட்னா அப்படித்தான்" என்பதன் முக்கால்வாசிக் காரணம் இந்தப் பாதிதான்.

பிரேக் மிதித்தால் இன்ஜின் இருமியதற்கும் இதே கதை. 6 வோல்ட்டில் 18 வாட் பிரேக் பல்பு 3 ஆம்பியர் இழுக்கும். அதுவும் இக்னிஷன் காயிலும் ஒரே சுவிட்ச் வழியாக கரன்ட் எடுக்கின்றன. சுவிட்சுக்குள் பச்சை பூத்திருந்தால் அந்த 3 ஆம்பியர் கூடுதலாக ஓடும்போது காயிலுக்கு மிஞ்சும் வோல்ட் இறங்கி ஸ்பார்க் பலவீனமாகிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டிய மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

அப்புறம் வயரை மூன்று இடத்தில் உரித்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில் திரும்பும் கழுத்தருகே, டேங்குக்கு அடியில், பின் மட்கார்டுக்குள். உள்ளே செம்பு பளபளவென்று இருந்தால் வயருக்கு இன்னும் ஆயுள் உண்டு. கறுத்திருந்தால் அந்த வயரில் ஈயப் பற்றவைப்பும் நிற்காது, புது டெர்மினலும் சரியாகத் தொடர்பு எடுக்காது. எனக்கு மூன்று இடத்திலும் கறுப்பு.

ஒட்டுப் போடுவது

இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். செம்பு நன்றாக இருந்து, வோல்ட் இழப்பு ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். எர்த்தை மட்டும் கவனித்தே பாதி வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். குறிப்பாக, வண்டியை ரீஸ்டோர் பண்ணி பவுடர் கோட்டிங் போட்டவர்கள் "பெயின்ட் அடித்த பிறகு லைட்டே சரியில்லை" என்று புலம்புவார்கள். பவுடர் கோட்டிங் நல்ல இன்சுலேட்டர். போல்ட் உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் ஹெட்லைட் கூட்டுக்கும் தனித்தனியாக எர்த் வயர் இழுத்தால் காசு செலவே இல்லாமல் வெளிச்சம் கூடும். என் வண்டியில் எர்த் பக்கம் தொலைந்த 0.5 வோல்ட் இரண்டு வயரில் 0.1 ஆனது.

ஒட்டுக்கு எதிராகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது: அது ஒன்றோடு நிற்காது. என் மாமாவிடமிருந்து வந்த வண்டி இது. பிரித்துப் பார்த்தபோது ஒரே வயர் சிவப்பாகக் கிளம்பி, நடுவில் மஞ்சளாகி, கடைசியில் வீட்டு வயரிங்குக்குப் போடும் கறுப்பு வயராக முடிந்தது. ஒவ்வொரு நிறமும் ஒரு ஊர், ஒரு அவசரம். நாற்பது வருடத்தில் எட்டுப் பத்துக் கைகள் பட்டிருக்கும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் நான் நிற்கும் இடத்துக்கு வரப்போவதில்லை. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, தூசியைப் பிடித்து, கடைசியில் டேப் தனியாகவும் வயர் தனியாகவும் நிற்கும்.

அதனால் என் அளவுகோல் இது: பழுது ஒரு இடம் என்றால் ஒட்டு. மூன்று இடம் ஆகிவிட்டால் ஒட்டுவதை நிறுத்திவிட வேண்டியதுதான்.

ரெடிமேட் செட்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நுழைந்து "பழைய புல்லட்டுக்கு வயரிங் செட்" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். விலை ஒரு நல்ல பேட்டரியைவிடக் குறைவு. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்தால் ஒரே நாளில் மாட்டிவிடுவார். நேரமில்லாதவர்களுக்கும், மல்டிமீட்டரைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களுக்கும் இதுதான் வழி. அதில் தப்பில்லை.

நான் முதலில் வாங்கியதும் இதுதான். மாட்டவில்லை. கடைக்காரர் எந்த வருட மாடலுக்கு என்று எடுத்தாரோ தெரியாது, என் வண்டியில் இல்லாத இண்டிகேட்டருக்கு நான்கு வயர் கூடுதலாக இருந்தது. என் வண்டியில் இருக்கும் டைகர் லாம்புக்கு (ஹெட்லைட்டுக்கு இருபக்கமும் உள்ள குட்டி விளக்கு) வர வேண்டிய வயர் ஒரு சாண் குறைவு. இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. என்னை நிறுத்தியது வயரின் தடிமன். ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை உரித்துப் பார்த்தேன், உள்ளே இருந்தது அரை சதுர மில்லிமீட்டர்தான் தேறும்.

இங்கே ஒரு கணக்கு போட்டே ஆக வேண்டும். 6 வோல்ட்டில் 35 வாட் ஹெட்லைட் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியிலிருந்து ஆம்ப் மீட்டர், சுவிட்ச், டிப்பர் (ஹை பீம், லோ பீம் மாற்றும் சுவிட்ச்) என்று சுற்றிப் போகும் வழி இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்த தூரத்துக்கு அரை வோல்ட் போய்விடும். ஒன்றரை சதுர மில்லிமீட்டரில் 0.17 வோல்ட்தான். அதாவது புதிதாக, பளபளவென்று, பேக்கிங் பிரிக்காத வயரிங் போட்டும் பழைய இருட்டிலேயே நான் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

வாங்குவதாக இருந்தால் கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒரு காந்தம் கொண்டுபோங்கள், இழை ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒரு இழையை பிளேடால் நறுக்கி வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. நல்ல செட்டுகளும் கிடைக்கின்றன. தடிமன் சரியாக இருந்து, செம்பும் அசலாக இருந்தால், முழங்கால் வலிக்கத் தரையில் உட்கார்ந்து நான் செய்த வேலையை நீங்கள் செய்யத் தேவையே இல்லை. ஒன்று மட்டும்: எலக்ட்ரீஷியன் மாட்டும்போது பக்கத்தில் நின்று எந்த நிறம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் அந்தத் தாள்தான் ஆள்.

நாமே கட்டுவது

நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். எல்லோருக்கும் சொல்லமாட்டேன். இரண்டு சனி, ஞாயிறு போகும் என்று நினைத்தேன். ஐந்து போனது.

சாதகம் என்னவென்றால், பழைய புல்லட் மாதிரி எளிய வண்டி வேறு கிடையாது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய காலத்து எளிமை, திருவொற்றியூரில் பின்னால் வந்த வண்டிகளிலும் பெரிதாக மாறவில்லை. ஃபியூவல் இன்ஜெக்ஷன் இல்லை, சென்சார் இல்லை, இசியு இல்லை. ஹெட்லைட், இரண்டு டைகர் லாம்ப், ஸ்பீடோமீட்டர் லைட், பின் விளக்கு, பிரேக் லைட், ஹாரன், காயில், சார்ஜிங். ஒரு பக்கத் தாளில் முழு வரைபடமும் அடங்கும். பள்ளியில் படித்த ஓம் விதியைத் தாண்டி ஒன்றும் தேவைப்படவில்லை.

வயரிங்குக்கு மெயின் லைனுக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர், மற்றதுக்கு ஒன்று, எர்த்துக்கு இரண்டரை எடுத்தேன். எல்லாம் பல இழை ஆட்டோ வயர். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி வண்டிக்கு ஆகவே ஆகாது, அதிர்வில் ஒரு வருடம் தாங்காமல் ஒடியும். பற்றவைப்பா, கிரிம்பிங்கா (டெர்மினலை வயர்மேல் அழுத்தி இறுக்குவது) என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு அங்குலம் வரை வயரைக் கம்பியாக்கிவிடும். அது முடியும் இடத்தில்தான் அதிர்வு எல்லாம் போய்ச் சேரும், அங்கேதான் ஒடியும். புல்லட்டின் அதிர்வைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கிரிம்பிங் பிளையர் ஒன்று வாங்கினேன். கட்டிங் பிளையரால் நசுக்குவதற்குப் பெயர் கிரிம்பிங் இல்லை.

பழைய வயரிங்கை வெட்டி எறியாமல் அப்படியே கழற்றி, தரையில் நீட்டிப்போட்டு, அதன் மேலேயே புதியதை அளந்து வெட்டினேன். கழுத்தருகே மட்டும் அளவை நம்பவில்லை. ஹேண்டிலை முழுதாக இடது, வலது திருப்பிப் பார்த்து, எது நீளமோ அதற்கு மேல் நாலு விரல் விட்டேன். பழைய வயரில் நைந்த இடங்களில் பாதி அங்கேதான் இருந்தன. ஹெட்லைட் கூட்டுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் காய்ந்து காணாமல் போயிருந்தது. வெறும் தகரம் வயரை வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அஞ்சு ரூபாய் வளையம்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். இதில் பேச்சே கிடையாது. பழைய வயரிங்கில் அது இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. எல்லா லோடும் சேர்ந்து ஓடினால் 13 ஆம்பியர் வரை வரும் என்று கணக்குப் போட்டு 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் வைத்தேன்.

முதல்முறை பேட்டரியை இணைக்கும் நேரம்தான் வயிற்றைக் கலக்கும். அதற்கு மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பார்த்த சீரீஸ் லாம்ப் வித்தையைச் செய்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரேக் பல்பைத் தொடரில் மாட்டினேன். எல்லா சுவிட்சும் ஆஃப். பல்பு எரியாவிட்டால் சுவிட்ச் வரைக்குமான லைனில் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது. வயர் கருகாது, புகை வராது, நிதானமாகத் தேடலாம். என் பல்பு எரிந்தது. ஹாரன் வயரை எர்த்தோடு சேர்த்து கிரிம்ப் செய்திருந்தேன், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தது. இரண்டாவது முறை எரியவில்லை. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அமுக்கினேன். பாயின்ட் (காயிலின் கரன்ட்டை விட்டு நிறுத்தும் தொடுமுனை) திறக்கும்போதும் மூடும்போதும் ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கும் இடதுக்கும் ஆடியது. புல்லட்காரர்கள் அந்த முள்ளைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்து, டிகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லிவர்) பிடித்து உதைப்பார்கள். முன்பெல்லாம் அது சோம்பலாக நகரும். இப்போது டக்கென்று குதித்தது.

மறுபடி அளந்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 0.35 வோல்ட் இழப்பு. அதில் ஒரு பங்கு பழைய இக்னிஷன் சுவிட்சுக்குள்.

12 வோல்ட்

இதை நான்காவது வழி என்று பலர் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது வேறு கேள்வி. வயரிங் கெட்டுப்போன வண்டியை 12 வோல்ட்டாக மாற்றினால் உடனே பிரமாதமாகத் தெரியும். காரணம் எளிது. அதே 35 வாட்டுக்கு கரன்ட் பாதியாகிறது. அதே அழுக்கு வயரில் வோல்ட் இழப்பும் பாதி. மொத்த வோல்ட் இரண்டு மடங்கு என்பதால் சதவீதத்தில் கால்வாசி. வியாதி அப்படியே இருக்கும், வலி மட்டும் நின்றுவிடும். கறுத்த செம்பும் தளர்ந்த நட்டும் உள்ளேயே காத்திருக்கும்.

நல்ல வயரிங்கின் மேல் செய்தால் 12 வோல்ட் நல்ல விஷயம்தான். ராத்திரியில் அதிகம் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். 6 வோல்ட் பேட்டரியும் பல்பும் வெளியூரில் தேடி அலைய வேண்டிய பொருளாகிவிட்டன, 12 வோல்ட் பல்பு எந்தப் பெட்டிக்கடை பக்கத்து மெக்கானிக்கிடமும் இருக்கும். ஆனால் பட்டியல் நீளம்: பேட்டரி, இக்னிஷன் காயில், ஹாரன், ரெகுலேட்டர் ரெக்டிஃபயர், எல்லா பல்புகளும். சில ஆல்டர்னேட்டர்கள் (இன்ஜினோடு சுழன்று கரன்ட் தயாரிப்பவை) அப்படியே 12 தரும், சிலதுக்கு அவற்றின் சுழலாத காயில் பகுதியான ஸ்டேட்டரை மாற்ற வேண்டும். ஆம்ப் மீட்டரை மாற்ற வேண்டாம், அது பார்ப்பது ஆம்பியரை மட்டும். நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு சாவியைத் திருப்பினார். இரண்டு டைகர் லாம்பும் ஸ்பீடோமீட்டர் பல்பும் ஒரு கண் சிமிட்டலில் போயின. மாற்ற மறந்த மூன்று குட்டி பல்புகள்.

எல்இடி ஹெட்லைட்டைப் பற்றியும் கேட்பார்கள். பழைய ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காக வளைத்தது. எல்இடியை அதில் செருகினால் வெளிச்சம் கூடும், ஆனால் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழும். பின் விளக்குக்கு எல்இடி போடுங்கள், கரன்ட் மிச்சம். முன்னால் வேண்டாம்.

யாருக்கு எது

பாக்டரியில் போட்ட வயரிங் கை படாமல் இருந்து, செம்பும் நன்றாக இருந்தால் எர்த்தைச் சரிசெய்து, ஃபியூஸ் வைத்து, விட்டுவிடுங்கள். அதைப் பிடுங்கிப் புதியது போடுவது பாவம். பல கை பட்ட வண்டி, ஆனால் உங்களுக்கு நேரமில்லை என்றால் தடிமன் சரிபார்த்த ரெடிமேட் செட், கூடவே எர்த் வயர்கள் தனியாக. அதே வண்டி, ஐந்து வார இறுதிகளும் கொஞ்சம் பொறுமையும் இருக்கிறது என்றால் நீங்களே கட்டுங்கள். 12 வோல்ட் ஆசை இருந்தால் அதை வயரிங் முடித்து ஒரு மழைக்காலம் ஓட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்து வண்டி கிளம்பாவிட்டால் எது காரணம் என்று தேடியே வெறுத்துப்போவீர்கள்.

வரைபடத்தை லேமினேட் செய்து டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். ஆம்ப் மீட்டர் நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்று. அடுத்தமுறை கட்டினால் ஒன்றை மட்டும் மாற்றிச் செய்வேன்: பின் விளக்குக்குப் போகும் கட்டோடு உபரியாக இன்னொரு வயரையும் சேர்த்து இழுத்துவைப்பேன். மட்கார்டுக்குள் டயர் எறியும் கல்லில் முதலில் அடிபடப்போவது பின் விளக்கு வயர்தான். இப்போது மட்கார்டைக் கழற்றாமல் உபரி வயரை நுழைக்க வழியில்லை.